வேண்டா வேணும்

என் கடைக்கு வந்து "வேண்டா வேணும்" என்று கேட்காத ஆள் அன்றைக்குத் திருவிடந்தையில் கிடையாது. புதிதாக வருகிறவன் அதைக் கேட்டுச் சிரிப்பான். "வேணுமா, வேண்டாவா? ஒழுங்கா சொல்லித் தொலைய்யா" என்று பக்கத்தில் நிற்கிற எவனாவது கிண்டல் பண்ணுவான். நான் பின் தட்டிலிருந்து இறால் தொக்கு பாட்டிலை எடுத்து வைப்பேன். தொக்கின் பெயர் வேண்டா. அதைச் செய்கிறவள் பெயரும் வேண்டாதான்.

அவள் கதைக்கு ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஏமாளி என்கிறான் ஒருவன். பேரை விற்றுவிட்டு இப்போது அழுகிறாள் என்கிறான் இன்னொரு நாக்கு அழுகியவன். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

திருப்போரூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டிப் பிழைத்தவர். முதல் மூன்று பெண்களுக்கு வள்ளி, கல்யாணி, செங்கேணி என்று வாயாரப் பெயர் வைத்த மனுஷன், நாலாவதும் பெண் என்றதும் "போதும், இனிமே வேண்டா" என்றாராம். அதையே பெயராக்கிவிட்டார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பிறந்தும் தொலைத்தான் ஒரு தம்பி.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது இவள் பெயர் வந்தால் மொத்த வகுப்பும் "வேண்டாம் சார்!" என்று கத்துமாம். ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். "ஏம்மா, படிப்பு ஏறலியா?" என்று ஒருமுறை கேட்டேன். "படிப்பு ஏறிச்சுண்ணா. பேருதான் தொண்டைல எறங்கல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ஏசுபாதம், சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவருக்கும் பெயரில்தான் தகராறு. அப்பா வைத்த பெயர் கருப்பன். கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியதும் ஏசுபாதம் ஆனார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்றிருந்ததால் போகிற இடமெல்லாம் பேஜார். கடைசியில் யாரோ வழி சொல்ல, மெட்ராசுக்கு அலைந்து அரசு கெஜட்டில் பெயர் மாற்றத்தைப் போட வைத்தார். அன்றிலிருந்து ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். தண்ணி கேட்டு வருகிறவனைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார். "கெஜட்டுல வந்துட்சினா முடிஞ்சுது அண்ணாத்த. அப்புறம் எவனும் வாய தொறக்க முடியாது" என்பார். அவர் வாழ்க்கையில் சர்க்கார் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதனால் அந்த வார்த்தை அவருக்கு வேதவாக்கு.

வேண்டா கேளம்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிப் பையன்கள் தங்குகிற இடம். கோவளத்து இறாலை வாங்கி, பூண்டு தூக்கலாகப் போட்டு, நல்லெண்ணெயில் அவள் சுருட்டி எடுக்கிற தொக்கு இருக்கிறதே, தெருமுனை வரைக்கும் ஆளை இழுக்கும். அங்கே சாப்பிட்ட ஷ்யாம் என்ற கோயம்புத்தூர்ப் பையன் ஊருக்குக் கொண்டுபோக ஒரு பாட்டில் கேட்டான். மூடியில் எழுதுவதற்காக "இதுக்கு என்ன பேருங்க்கா?" என்றான். தன் பெயரைக் கேட்கிறான் என்று நினைத்து இவள் "வேண்டா" என்றாள். "வேண்டாம்னா எப்படிங்க்கா? பேரு வெச்சே ஆகணும்" என்று அவன் அடம்பிடிக்க, மெஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்ததாம். விஷயம் புரிந்ததும் அவன் மூடியில் "வேண்டா" என்றே எழுதிக்கொண்டு போனான்.

அதுதான் பிடித்துக்கொண்டது. மெஸ்ஸை விட்டுவிட்டு வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தாள். சாலமோன் என்று எங்கள் ஊர்ப் பெயிண்டர், லேபிள் வரைந்து கொடுத்தான். "வே" எழுத்தின் கொம்பை இழுத்து வளைத்து அதையே ஒரு இறாலின் மீசையாக்கியிருந்தான். குடிகாரன், ஆனால் கை சுத்தம். சுனாமிக்கு அப்புறம் மீன், இறால் எதையும் தொட ஜனங்கள் பயந்த மாதங்களில்கூட அந்த மீசையைப் பார்த்து வாங்கினார்கள். ஒருநாள் கடையோரம் நின்றுகொண்டு, வருகிறவர்கள் கேட்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, பொறந்ததுலர்ந்து என்னை யாரும் வேணும்னு சொன்னதில்ல. இப்ப ஒரு நாள்ல எத்தினி பேரு சொல்றாங்க பாத்தியா?" கண் கலங்கியிருந்தது. அவளுக்குத் தொக்கு பெரிதில்லை, அந்த ஒரு வார்த்தைதான் பெரிது. இதைப் புரிந்துகொள்ளாதவனுக்கு மீதிக் கதை விளங்காது.

இந்த நேரத்தில்தான் பிரவின்குமார் வந்து சேர்ந்தான். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஊறுகாய், அப்பளம் மொத்த வியாபாரம். தொழிற்சாலைக் கேன்டீன்களுக்கு வேனில் சரக்கு போடுகிறவன். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய அக்கா. பெட்டி பெட்டியாக வாங்கிப் போனான். "பேரை உடனே ரிஜிஸ்டர் பண்ணணும்க்கா. இல்லேன்னா எவனாவது சுட்டுருவான். அலைச்சலெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி லேபிளை வாங்கிப் போனான். சுடப்போகிறவனே வந்து எச்சரிக்கை பண்ணிவிட்டுப் போனான். என்ன தைரியம்!

மறு வருஷம் ஆடி மாதம். ஷ்யாமின் அறையில் தங்கியிருந்த ஒருவனுக்கு மெட்ராசில் வக்கீல் ஆபீஸில் வேலை. வியாபாரப் பெயர்களுக்கென்று சர்க்கார் வெளியிடுகிற பத்திரிகை ஒன்று உண்டாம். அதில் மீசை வைத்த இறாலைப் பார்த்துவிட்டு அவன் ஷ்யாமிடம் சொல்லியிருக்கிறான். ஷ்யாம் கம்பெனி வேலையாக வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தை அச்சடித்து, விமான நிலையத்தில் இறக்கிவிட்ட கேப் டிரைவர் செல்வராஜிடம் கொடுத்தான். "அக்காகிட்ட குடுங்க. ஆட்சேபணை இருந்தா உடனே சொல்லணும்" என்றானாம்.

செல்வராஜ் நல்லவன். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தான். வேண்டா வீட்டுக்குப் போய்த் தாளைக் கொடுத்து, "உன் பேரு பேப்பர்ல வந்துகீதாம்க்கா. ஆட்சேபணை எதுனா கீதான்னு ஷ்யாம் சாரு கேக்க சொன்னாரு" என்றான்.

"எனக்கு இன்னாடா ஆட்சேபணை? சந்தோசம்தான்!" என்றாள் வேண்டா.

அவனும் அதை அப்படியே போன் போட்டுச் சொல்லிவிட்டான். பேரை விற்றுவிட்டாள்போல என்று ஷ்யாம் விட்டுவிட்டான். ஏசுபாதம் தாளை வாங்கிப் பார்த்தார். சர்க்கார் பத்திரிகை, தன் வீட்டு இறால், கொட்டை எழுத்தில் வேண்டா. கீழே இங்கிலீஷில் பிரவின்குமார் பெயர் இருந்ததும் அவர் கண்ணில் பட்டது. "நமக்காக அலைஞ்சவன் அவன்தான? அதான் அவன் பேரும் போட்டுகீது" என்று சொல்லிவிட்டார். "கெஜட்டுல வந்துட்சி. முடிஞ்சுது!" அன்று வேண்டா எங்கள் தெரு பூராவும் கேசரி கொடுத்தாள். நானும்தான் தின்றேன், என்ன ருசி.

அடுத்து வந்த மாசியில், மகத்துக்கு மாமல்லபுரம் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போன சமயம், பிரவின்குமாரின் வேன் என் கடை முன்னால் நின்றது. ஒருவன் பெட்டியை இறக்கினான். பளபளவென்று பிளாஸ்டிக் பாட்டில், அதே இறால், அதே மீசை, அதே வேண்டா. "அண்ணே, அந்தம்மா பாட்டிலையெல்லாம் எடுத்துடுங்க. பேரு இப்ப எங்க கம்பெனிது. சர்டிபிகேட்டே வந்தாச்சு" என்றான். விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

பெட்டி மேசை மேல் இருக்கும்போதே வேண்டா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தி, "அங்கிள், வேண்டா வேணும்" என்றாள். வேண்டா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இது இல்ல ஆன்ட்டி, வேண்டா" என்று அந்தப் பெண் புதுப் பாட்டிலைக் காட்டினாள். கம்பெனிக் கேன்டீனில் அதைத்தான் பார்த்திருக்கிறாள்போல.

நீட்டிய கை அப்படியே நின்றது. பாவி, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"அண்ணா, அது நம்ம எறாதான? நம்ம மீசதான?" என்றாள். "பிரவின் தம்பி நமக்காகத்தான பண்ணாரு? சர்க்காரு பேப்பரு வூட்ல மாட்டிகீது. வந்து பாருண்ணா."

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஏசுபாதத்தின் கெஜட்டுக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, தேக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மூலையில் சந்தனம், குங்குமம், காய்ந்த மல்லிச் சரம். தட்டுத்தடுமாறிப் படித்தேன்.

"யோவ் பாதம், இதுல உன் பொண்டாட்டி பேரு எங்கய்யா கீது?"

"தோ, வேண்டான்னு கீதே."

"அது சரக்கு பேருய்யா! சொந்தக்காரன் பேரு பிரவின்குமார்னு போட்டுகீது!"

மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் பிரவின்குமாருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பதறவே இல்லை அவன். "நான் என்ன ஒளிச்சா வெச்சேன்? பத்திரிகையில போட்டு நாட்டுக்கே கேட்டாங்களே, யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு. அக்கா ஒண்ணும் சொல்லலையே" என்றான். அயோக்கியன்தான், ஆனால் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

மறுநாள் மூவருமாகச் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வக்கீல் உலகநாதனிடம் போனோம். ஏசுபாதம் அந்தச் சட்டத்தை அப்படியே கழற்றிப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் யாரோ, "சாமி படமாண்ணா?" என்று கேட்டு இடம் விட்டார்கள்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இது பதிவுச் சான்று இல்லம்மா. பதியறதுக்கு முன்னாடி போடற விளம்பரம். இந்தாளு இந்தப் பேரைக் கேக்கறான், குடுக்கலாமா, வேணாம்கிறவங்க மூணு மாசத்துக்குள்ள சொல்லுங்கன்னு ஊரைக் கூப்பிட்டுக் கேக்கற தாள். கெஞ்சிக் கேட்டா மேற்கொண்டு ஒரு மாசம் கிடைக்கும். நீங்க அதைப் போயி..." அவர் மல்லிச் சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெஜட்டுல வந்துட்டா முடிஞ்சுதுன்னு..." என்றார் ஏசுபாதம்.

"அது பேர் மாத்தறதுக்குய்யா. அதுல வந்தா முடிஞ்சது. இதுல வந்தா அப்பத்தான் ஆரம்பம்."

இப்போது வழியே இல்லையா என்று நான் கேட்டேன். ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடலாம், நீங்கதான் முதல்ல இருந்து வித்தீங்கன்னு காட்டணும், பில் இருக்கா, விளம்பரம் இருக்கா என்றார். பில்லாவது, விளம்பரமாவது! ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் தொக்கு அடைத்து விற்றவளிடம் பில்லுக்கு எங்கே போவது? வருஷக்கணக்காக இழுக்கும், அவன் அங்கேயும் இதே தாளைத்தான் காட்டுவான், அப்ப ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பான் என்றும் சொன்னார். போடுவோம் சார், எத்தனை வருஷமானாலும் போடுவோம் என்றேன் நான். வேண்டா மடியில் இருந்த படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உலகநாதனுக்கு மனசு கேட்கவில்லைபோல. கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "ஒரு வார்த்தைம்மா. அன்னிக்கே யாரையாவது வெச்சு, வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருந்தா அவன் அங்கேயே நின்னுருப்பான். சர்க்கார் உன்கிட்ட கேட்டதே அந்த ஒரு வார்த்தையைத்தான்."

வேண்டா படத்தை நிமிர்த்தி அவர் பக்கம் திருப்பினாள். கொட்டை எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அதான சார் இதுல போட்டுகீது?" என்றாள்.