போகாதவர்களுக்குப் பரிசு கிடையாது

இன்று காலை மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த என் போன் ஒருமுறை அதிர்ந்தது. எட்டி எடுத்தது அவள்தான். நான்கு வயது. இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் படம் போதுமே. அவள் விளையாடும் ஒரு விளையாட்டிலிருந்து வந்த யானைக்குட்டி, உருண்டைக் கண்களில் நீர் தளும்ப.

“அம்மா, ஆனை அழறதும்மா. நாம போகாததுனாலயா?”

“அது படம்டி. காலை நீட்டு, ஆட்டோ வந்துடும்.”

“படம்னா எதுக்கு அழணும்?”

பள்ளிக்கூட ஆட்டோவில் ஏறும்வரை அவள் முகம் தெளியவில்லை. திரும்பி வந்து அந்த விளையாட்டைப் போனிலிருந்து அழித்தேன். சாயங்காலம் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து மறுபடி ஏற்றினேன். பிறகு, பயந்து பயந்துதானே குழந்தை வளர்க்கிறோம் என்று என்மேலேயே எரிச்சல் வந்து மறுபடி அழித்தேன். இதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அந்த யானையை அழவைப்பதற்கென்று எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள். அவள் மேசை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் அப்படியொரு மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏசியில் காயாத குடைகளின் வாடை, தரை துடைக்கும் எலுமிச்சை மருந்து, மதியம் யாரோ திறந்த மீன்குழம்பு, இவை மூன்றும் கலந்த மணம் எனக்கு இன்றும் வேலை என்ற சொல்லின் மணம். கரமனையிலிருந்து பஸ் பிடித்து, நெடுஞ்சாலை நெரிசலில் பாதி உயிர் போய் இறங்கினால், எட்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. ஆன்லைன் விளையாட்டு செய்கிறவர்கள். விளையாட்டின் பெயர் நீலத்துறை. ஆளுக்கு ஒரு துறைமுகம். கப்பல் கட்டி அனுப்பவேண்டும். சரக்கோடு திரும்பி வந்த கப்பலை நீங்களே இறக்கமுடியாது. உங்கள் குழுவில் இருக்கும் இன்னொருவர் வந்துதான் இறக்கவேண்டும். பகல் முழுக்க யாரும் வராவிட்டால் சரக்கு அழுகிவிடும். மொத்த விளையாட்டும் அவ்வளவுதான்.

“எம்.சி.ஏ. படிச்சுட்டு கப்பல் விடறயாடி?” என்று அம்மா கேட்டாள். சொந்தக்காரர்களிடம் மட்டும் ‘சாஃப்ட்வேர்’ என்று சொல்லிவைத்தாள். நானும் திருத்தவில்லை.

என் வேலை, தமிழில் விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது. அவர்கள் குறைகளைக் கேட்பது, சண்டையை விலக்குவது, விளையாட வராமல் நின்றுபோனவர்களுக்கு ‘உங்கள் துறைமுகத்தில் விளக்கு அணைந்துவிட்டது’ என்பதுபோல உருக்கமாக இரண்டு வரி அனுப்புவது. அலுவலகத்தில் அத்தனை பேரும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து விளையாடியாகவேண்டும் என்றும் விதி இருந்தது. அப்படித்தான் நான் செல்வியின் குழுவில் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி ஆள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். “அதனால என்னளா, கப்பல் இறக்கத் தெரியுமில்லா? அது போதும்” என்றாள்.

செல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இங்கே சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை. உட்கார ஸ்டூல் கிடையாது என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில், டீ நேரத்தில், மாடியில் ஸ்டாக் எடுக்கப் போகிற சாக்கில் விளையாடுவாள். குழுவுக்கு அவள்தான் கேப்டன். யார் கப்பல் எப்போது வரும், அந்த நேரத்தில் யாருக்கு ஓய்வு, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். குழுவில் வாய்விட்டுப் பேசும் வசதியும் உண்டு என்பதால் அவள் குரல் எனக்கு மனப்பாடம். முகம்தான் பார்த்ததில்லை. ஒரே ஊரில் இருந்தும் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. தினமும் பேசுகிறவளைத் தனியாக எதற்குப் பார்க்கவேண்டும்?

பிஜு என்று ஒருவன் இருந்தான். விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டும் இடத்தில், கடலில் பாறை கொட்டுவதை நாளெல்லாம் நின்று பார்க்கிற வேலை.

“ஏல பிஜு, பகலெல்லாம் துறைமுகம், இங்கயும் வந்து துறைமுகமா? ஒனக்கென்ன கிறுக்கால?” என்று செல்வி ஒருநாள் கேட்டாள்.

“அது என்றெ துறைமுகம் அல்லல்லோ, சேச்சி” என்றான் அவன். அது என்னுடையது இல்லையே அக்கா என்று.  அன்று அவன் கப்பலைத்தான் செல்வி முதலில் இறக்கினாள்.

ஏன் சிலர் ஒரு விளையாட்டிலேயே கிடக்கிறார்கள், ஏன் சிலர் போய்விடுகிறார்கள் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் வண்ண வண்ணமாகப் படங்கள் வரைந்து வைத்திருந்தார்கள். அவர்கள் கண்ட விடை புதுக் கப்பல், புது நிறம், திருவோணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடுகிற போட்டி. எனக்கோ விடை படுக்கையில் கிடந்தபோது கிடைத்தது. மகள் வயிற்றில் இருந்தபோது கடைசி மாதங்களில் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். போனைப் பிடித்தாலே தலை சுற்றும். குழந்தைக்கு ஆகாதோ என்று அதற்கும் ஒரு பயம். குழுவில் சொன்னேன், நான் விலகிக்கொள்கிறேன், வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

“நீ பேசாமப் படு. ஒன் கப்பல நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள் செல்வி.

பார்த்துக்கொண்டார்கள். எப்போதாவது திறந்து பார்த்தால் என் துறையில் ஒரு மூட்டைகூட அழுகியிருக்காது. என்னைப் பார்க்க வந்த உறவினர்கள் ஆப்பிளோடு வந்து ஆலோசனையோடு போனார்கள். எதையும் கேட்காமல் எனக்காகத் தினமும் ஒரு வேலையைச் செய்தவர்கள் நான் முகமறியாத இவர்கள்தான். நீங்கள் சிரிக்கலாம், பொய்க் கப்பல்தானே என்று. என் கணவரும் சிரித்தார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய மாதம்தான் கம்பெனி அந்தப் பரிசைக் கொண்டுவந்தது. ஒரு வாரம் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் இலவசம். அப்படிப்பட்ட கப்பலை விளையாடியே சம்பாதிக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் ஆகும்.

செல்வி இதைக் கேட்டு முதலில் கொதித்தாள். “ஓடிப்போனவனுக்கு விருந்து, ஒழுங்கா இருக்கவளுக்குப் பட்டினியா? நல்லாருக்குளா ஒங்க கம்பெனி நியாயம்.” பிறகு யோசித்தாள். அவள் கடையில் வேலை செய்கிற பெண்கள் மாதாமாதம் சீட்டுப் போடுகிறவர்கள். குலுக்கிப் போட்டு, பேர் வந்தவள் அந்த மாதம் எடுத்துக்கொள்வாள். அதே முறையை இங்கே கொண்டுவந்தாள். வாரம் ஒருத்தர் லீவு. அவர் கப்பல்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் ஒரு வாரம் கழித்து வந்து வெள்ளைக் கப்பலை வாங்கிக்கொள்வார். பிறகு அடுத்த பெயர். துண்டுச் சீட்டில் எங்கள் பெயர்களை எழுதி, கடையில் பில் போடும் பெண்ணின் கையால் எடுக்கவைத்துச் சொல்வாள். எங்கள் கம்பெனி விதியில் இதற்குத் தடை எதுவும் இல்லை. நானே படித்துப் பார்த்துச் சொன்னேன்.

“கேப்டன் சேச்சி, உங்க பேரு சீட்டுல உண்டா?” என்று பிஜு கேட்டான்.

“நான் லீவு எடுத்தா கப்பல ஒன் அப்பனால வந்து இறக்குவான்?”

முதல் சீட்டு பிஜுவுக்கு விழுந்தது. போய்விட்டு வந்தான். வெள்ளைக் கப்பல் அவன் துறையில் வந்து நின்றபோது எல்லோரும் கூச்சல் போட்டோம். அடுத்தது கழக்கூட்டத்து ஹாஸ்டலில் இருந்த ஒரு பெண். அவளும் வந்தாள், வாங்கிக்கொண்டாள், இரண்டு நாள் இருந்தாள், காணாமல் போனாள். அதற்கடுத்தவர் வரவேயில்லை. பிறகு ஒரு நாள் பிஜுவும் நின்றுவிட்டான்.

அவனை நான் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித்தான் சொன்னான். “ஒரு ஆழ்ச்ச போகாதெ இருந்நு. ஒண்ணும் சம்பவிச்சில்ல, சேச்சி.”

ஒரு வாரம் விளையாடப் போகவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. நாம் போகாவிட்டால் இன்னொருவன் சரக்கு அழுகும் என்ற நினைப்பு ஒன்றுதான் எல்லோரையும் அங்கே கட்டிவைத்திருந்தது. தான் இல்லாமலும் எதுவும் அழுகவில்லை என்பதை அவரவருக்கு ஒரு வாரம் விடுப்புக் கொடுத்துக் காட்டிவிட்டோம். அழுகாமல் பார்த்துக்கொண்டவள் செல்வி. இருக்கிற எல்லோர் கப்பலையும், ஓடிப்போனவர்களின் வெள்ளைக் கப்பலையும் சேர்த்து இறக்கிக்கொண்டிருந்தாள், நின்ற காலோடு.

அலுவலகத்தில் அதே நேரம் கேக் வெட்டினார்கள். வரைபடத்தில் திரும்பி வருகிறவர்களின் கோடு மேலே மேலே போயிருந்தது. எங்கள் குழுவைப் பார்த்து மற்றக் குழுக்களும் சீட்டுப் போட ஆரம்பித்திருந்தன என்பது எனக்கு மட்டும் தெரியும். மீட்டிங்கில் எழுந்து சொன்னேன்.   விட்டுப் போகாதவர்களுக்கும் ஏதாவது கொடுக்கலாமே, சார், ஒரு சின்னக் கப்பலாவது, என்றேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்குப் பூங்கொத்து அனுப்பியவர். கேக்கை மென்றுகொண்டே கேட்டார், “அவர் எவிடெப் போகான்?”

அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்? எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம்தான், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பெங்களூருக்கு ஓடிப்போன ஒருத்தியை, எனக்கு மேலே ஒரு பதவி கொடுத்துத் திரும்ப அழைத்துவந்தார்கள். எனக்கேன் அந்தப் பதவி இல்லை என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன். போவதற்குமுன் என்ன கேட்கவேண்டும் என்று கண்ணாடிமுன் சொல்லிப் பார்த்தேன், அப்படியும் பாதியை விழுங்கிவிட்டேன். அவர் அன்பாகத்தான் சொன்னார். உனக்கு இங்கே வீடு இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, கணவர் வேலை இங்கே. “நீ எவிடெப் போகான்?”

பஸ்ஸில் திரும்பும்போது அழக்கூடாது என்று ஸ்ரீகாரியம் வரை ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் தாங்கவில்லை. மறுநாளும் அதே பஸ்ஸில் போனேன். அதற்கப்புறமும் போனேன்.

கோடு மேலே போன வேகத்திலேயே விழுந்தது. வெள்ளைக் கப்பல் வாங்கியவர்களுக்கு அதை இறக்க ஆளில்லை. நீலத்துறையை மூடப்போவதாக அறிவித்தார்கள். எங்களையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள், பெங்களூரிலிருந்து வந்தவளையும் சேர்த்து. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் ஏற்பட்டதை மறைப்பானேன். ஊழியர்களின் கணக்குகளை முதலில் அடைத்ததால் கடைசி நாட்களில் நான் உள்ளே போகமுடியவில்லை. செல்வி இருந்தாள். தன் கப்பலைத் தானே இறக்கமுடியாது என்று தெரிந்தும் அனுப்பிக்கொண்டிருந்தாள். பிற்பாடு அவளே சொன்னது.

மூடிச் சில மாதம் கழித்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பாவாடைத் துணி எடுக்கச் சாலைக் கடைவீதிக்குப் போனேன். செல்வியின் கடைதான் என்று தெரிந்தேதான் போனேன். உள்ளே நுழைந்து நின்றபோது, துணிக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து யாரையோ அதட்டும் குரல் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். கால் நரம்பு புடைத்திருந்தது. என்னை ஒருகணம் பார்த்து, குரலை அடையாளம் கண்டு, “ஏளா, நீயா!” என்று குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “இவ வயித்துல இருக்கும்போது ஒங்கம்மை கப்பல நாந்தாம்ளா இறக்குனேன், கேட்டியா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

“சிரிக்கியளா? இந்தா, இவகிட்டயே கேளுங்க. அந்தக் கம்பெனியில இருந்தவ. நான் கேப்டனா இல்லையா?”

“ஆமாம்” என்றேன். “இவங்கதான் கேப்டன். எங்க எல்லாருக்கும்.”

“ஏது கப்பலின்றெ?” என்றாள் ஒருத்தி, எந்தக் கப்பலுக்கு என்று. மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஃபோட்டோ உண்டோ சேச்சி? காணட்டெ.”

செல்வி போனை எடுத்தாள். நானும் பைக்குள் கையை விட்டேன். விளையாட்டைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றி, ‘இந்தச் சேவை இப்போது இல்லை’ என்று வந்தது. படம் எடுத்துவைக்க எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. இந்தக் கடைவீதியில் ஒரு கடை மூடினால்கூடப் பலகை தொங்கும், ஷட்டரில் பழைய பெயர் மங்கித் தெரியும். எட்டாவது மாடியில் இப்போது வேறு கம்பெனி. அத்தனை துறைமுகங்களும் அவள் தலைக்குள்ளிருந்த நேரக்கணக்கும் எங்கேயும் இல்லை. இருந்தது என்று சொல்ல நான் ஒருத்தி இருந்தேன், என்னை அந்தப் பெண்கள் நம்பவில்லை.

“வேற ஏதாவது விளையாடறேளா இப்போ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள் செல்வி. கல்லாவிலிருந்து அவள் பெயரைச் சொல்லி யாரோ கத்தினார்கள். குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, ஒரு துணிக்கட்டை இழுத்து மேசையில் உருட்டி விரித்தாள்.

“பச்சை நல்லாருக்கும் பிள்ளைக்கு. சாயம் போகாது.”