இலையில் இல்லாத வெங்காயம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு பந்திக்குப் போகவிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய சமையலில் வெங்காயம் கிடையாது. திதிச் சமையலில் அதைச் சேர்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வாழ்நாள் முழுவதும் சின்ன வெங்காயத்தை ஆராய்ந்த எங்கள் அம்மா அவர்களின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வெங்காயம் இல்லாத சாம்பார். இதை அம்மா எப்படி எடுத்துக்கொள்வார் என்று நாங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "எனக்குச் சாமி கும்புடறப்ப வெங்காயம் போடாம சமைச்சீங்கன்னா, நா பாதி வழியிலயே திரும்பிப் போயிடுவேன்."

இந்தச் சிக்கலை எங்கள் தாய்மாமா தீர்த்துவைத்த விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியில். அம்மாயியும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை. விடுதிச் சோற்றையும் உதவித்தொகையையும் நம்பி வேளாண் கல்லூரிக்குப் போன அம்மா, முனைவர் பட்டத்தோடு பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானியாகக் காலெடுத்து வைத்த முதல் பெண் அவர்தான். அதுவரை அங்கே இருந்தவர்கள் எல்லாரும் 'சார்' என்பதால், இவரை எப்படி அழைப்பது என்று விவசாயிகளுக்குத் தெரியவில்லை. கடைசியில் 'மேடம் சார்' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஓய்வு பெறும் நாள்வரை அம்மா மேடம் சார்தான்.

எல்லாரும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள் என்று எழுதினால் அது பொய். ஒரு பெரிய வெங்காயத் தோட்டக்காரர் அம்மாவை வரப்பிலேயே நிறுத்தி, "யாரு மவ நீ?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று நம் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அம்மா அசரவில்லை. "திருமழபாடியில நாத்து நட்டவங்க மவ. எங்க வூட்டு வரலாறு அப்புறம் சொல்றேங்க. உங்க பயிருக்குத் திருகல் நோய் வந்திருக்கு. இப்பப் பாத்தா பாதியாவது மிஞ்சும்." மிஞ்சியது. அந்த அறுவடையில் அவர் தோட்டத்து வெங்காயம் ஒரு மூட்டை எங்கள் வாசலில் வந்து இறங்கியது. திருப்பதிக்கே லட்டு என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்.

அப்பாவுக்குப் பெரம்பலூர் டவுனில் தையல் கடை. சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள அம்மாவுக்கு நான்கு பை வைத்த காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டால் ஏதாவது ஒரு பையிலிருந்து வெங்காயம் உருண்டு வராமல் இருக்காது.

எங்களையும் அம்மா பயிரைப் போலத்தான் பார்த்தார். அக்கா மருத்துவப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கி வந்தபோது வீடே குதித்தது. அம்மா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பட்டத்த வச்சு முடிவு சொல்ல முடியாது. அடுத்த பட்டமும் பாக்கணும்" என்றார். வெங்காயத்துக்குப் பட்டம் என்றால் நடவுப் பருவம்: வைகாசிப் பட்டம், ஐப்பசிப் பட்டம். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பட்டம் வாங்கினாள். இன்று சென்னையில் இதய மருத்துவர். நான் ரயில் பாலங்கள் வடிவமைக்கிறேன். ரயிலே வராத பெரம்பலூரில் பிறந்து ரயில் பாலம் கட்டுகிறாயா என்று கேலி செய்யாத சொந்தக்காரர் இந்தப் பந்தியில் ஒருவர்கூட இருக்க மாட்டார். எனக்கும் அம்மாவிடமிருந்து அதே பதில்தான், அடுத்த பட்டம் பார்ப்போம்.

ஆனால் எங்களுக்குப் போட்டியாக அம்மாவுக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அம்மா தேர்ந்தெடுத்து வளர்த்த இரண்டு வெங்காய இனங்கள். ஒன்று நல்ல பருமன், இன்னொன்று சிறுசு. செட்டிகுளத்தில் அம்மாவோடு வயலில் வேலை பார்த்த செல்லம்மாள் அத்தை, அவற்றைப் 'பெரியவ', 'சின்னவ' என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மாவுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் உட்கார்ந்து போனில், "சின்னவளுக்கு நோய் வந்துடுச்சா? புடுங்கிப் போட்டுடுங்க" என்று அம்மா கத்தினால், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விடுவார்.

இரண்டில் பெரியவள் தேர்வாகிப் புது ரகமாக வெளியே போய்விட்டாள். சின்னவளைத் தேர்வுக் குழு ஏற்கவில்லை. அன்று மாலை தாய்மாமா வேறு ஏதோ விஷயமாக அம்மாவைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அம்மா வருத்தத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருக்கிறார்: "சின்னவள வேணாம்னுட்டாங்கடா. கலர் பத்தலயாம். குள்ளமா இருக்காளாம்."

வீட்டுச் சின்னவளான நான் அப்போது கல்லூரிக் கடைசி வருடம். மறுநாள் விடிந்ததும் மாமா திருமழபாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"எவன் வந்து பொண்ணு பாத்துட்டு எம் மருமவளக் குள்ளம்னான்? ஊரு பேரச் சொல்லுக்கா, நா போய்க் கேட்டுட்டு வரேன்!"

அப்பா கையில் ஊசியோடு சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏன்டா, எம் பொண்ண எவன்டா வேணாம்பான்? நா வெங்காயத்தச் சொன்னேன்டா." பிறகு சிரிப்பு அடங்கி, "ஆனா ஒண்ணு. வேணாம்னு சொன்னதுக்காவ நா விட்டுட மாட்டேன். அவ மழைக்குத் தாங்குவா. எனக்குத் தெரியும்" என்றார்.

விடவுமில்லை. செல்லம்மாள் அத்தையின் தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பேசி, பட்டம் தவறாமல் சின்னவளை நட்டார். இந்த இனத்தைக் காயாகவே நட்டுக் காயாகவே எடுத்துவைக்க வேண்டும். ஒரு முறை நடாமல் விட்டால், காயைச் சேமித்துவைக்கும் பட்டறையிலேயே முளைத்து வாடி, இனமே போய்விடும். உலகத்தில் வேறு எங்கும் அவள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அம்மா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு செட்டிகுளம் பஸ்ஸில் ஏறியது இதற்காகத்தான்.

சென்ற ஆண்டு வைகாசியில் அம்மாவின் கால்கள் வீங்கியிருப்பதை அக்கா வீடியோவில் பார்த்துவிட்டாள். இதயம் தளர்ந்துவிட்டது, உடனே சென்னைக்கு வா என்றாள். அம்மா மறுத்துவிட்டார்.

"பட்டறையில சின்னவ மொளச்சு நிக்கறா. நட்டுட்டு வரேன்."

"அம்மா, இது ஹார்ட்டு. வெங்காயம் இல்ல."

"நீ டாக்டரு, நீ சொல்றது சரி. நா விஞ்ஞானி, நா சொல்றதும் சரி. ரெண்டு பேரும் வந்து நட்டுக் குடுங்க, அன்னிக்கே உங்கூட கார்ல ஏறிடறேன்."

அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. மறுநாளே நாங்கள் இருவரும் வெங்காயக் கூடையோடு வயலில் இறங்கினோம். அம்மா வரப்போரம் நிறுத்திய காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டார். அக்கா ஒவ்வொரு காயையும் அறுவைச் சிகிச்சை மாதிரி பதமாக இறக்கினாள்; அந்த வேகத்துக்கு ஐப்பசியே வந்துவிடும். நான் கயிறு கட்டி வரிசை பிடித்தேன். என் வரிசை நேராக இருந்தது, காய்கள்தாம் தலைகீழாக இருந்தன.

"அடியே இஞ்சினியரு! வேரு கீழ போவணும்டி! பாலத்தையும் இப்படித்தான் கட்டறியா?"

செல்லம்மாள் அத்தை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "மேடம், படிச்ச புள்ளைங்கள வச்சுக்கிட்டு நா எப்ப முடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே என் வரிசையை முழுக்கத் திருப்பி நட்டார். சொன்ன சொல் தவறாமல் அம்மா அன்றே சென்னைக்கு வந்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. ஆடிக் கடைசியில் அறுவடைக்கு நாற்காலி போட்டு வயலோரம் உட்கார்ந்தார். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயம் அழுகி நாறியது. எங்கள் துண்டு நிலத்தில் செல்லம்மாள் அத்தை பிடுங்கிக் கொடுத்த முதல் கொத்தை வாங்கி, அம்மா மண்ணைத் துடைத்து, அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. முழங்கால்வரை சேற்றோடு நான் எதிரே நின்றிருந்தேன். அம்மா நிமிர்ந்து, என்னைத் தாண்டி எங்கோ பார்ப்பது போல, "சின்னவ தேறிட்டா" என்றார்.

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "வெங்காயத்தச் சொன்னேன்டி" என்று சொல்லியிருப்பார். கேட்காததில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான்.

புரட்டாசியில் ஒரு காலை, காபி குடித்துவிட்டு, ஐப்பசி நடவுக்குக் காய் பிரித்து வைத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டு, அம்மா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அழுதோம். ஆனால் ஐப்பசியில் நட்டோம். இந்த வைகாசியிலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நட்டோம். அக்காவின் வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது. என் காய்கள் இப்போது நிமிர்ந்தே நிற்கின்றன.

இனி மாமாவின் தீர்ப்பு. இந்தத் திதிக்கு வெங்காயம் போட்டே ஆக வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். கூடவே கூடாது என்றார் மாமா. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் மாமாவே வந்து, "வழக்கத்த மாத்த வேணாம், எங்க அக்காவத் திருப்பி அனுப்பவும் வேணாம். எலயில போடாத. கையில குடு" என்றார். அப்பா உட்கார்ந்து துணிப்பைகள் தைத்தார். ஒவ்வொரு பையிலும் சின்னவளின் காயைப் போட்டு வாய் கட்டியவர் மாமாதான்.

அம்மாவைப் படிக்க வைத்த ஆசிரியர்களுக்கும், மேடம் சார் என்று அழைத்த விவசாயிகளுக்கும், ஒரு துண்டு நிலத்தை அம்மாவுக்காக ஒதுக்கிவைத்த செல்லம்மாள் அத்தைக்கும், சென்னை மருத்துவமனையில் அம்மாவின் அறையில் நின்று வெங்காயப் பாடம் கேட்டுக்கொண்ட செவிலியர்களுக்கும், இன்று வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரோடு உங்கள் கையில் இருக்கும் துணிப்பையில் உள்ள வெங்காயத்தை வீட்டுக்குப் போனதும் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி வரட்டும். தோட்டம் இல்லாதவர்கள் ஒரு தொட்டியில் நடுங்கள். வேர் கீழே போக வேண்டும். முளைத்து வரும்போது மழை பிடித்துக்கொண்டால் பதறி எங்களுக்குப் போன் செய்யாதீர்கள். சின்னவள் தாங்குவாள்.

அன்புடன்,
சின்ன மகள்