ஒரே வண்டியில் இரண்டு ஜெபம்

சபையாரே, அன்று நான் முதலில் செய்த ஜெபம் வேறொரு வீட்டுக்குத் துக்கம் போகட்டும் என்று கேட்ட ஜெபம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு முந்தைய சீசன். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் முருகன் செல்போனைப் பார்த்தபடி வந்தான்.

"அண்ணே, தாயில்பட்டி பக்கம் கம்பெனி வெடிச்சிருச்சாம். எதுன்னு போடல."

என் மனைவி ஜெபா அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வேலை நாளில் அவள் எடுத்ததே இல்லை. ஆகவே அந்த மணிச்சத்தத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் இருந்தாலும் இப்படித்தான் அடிக்கும். இல்லாவிட்டாலும் இப்படித்தான் அடிக்கும்.

வண்டியை எடுத்தேன். "ஆண்டவரே, அது அவள் கம்பெனியாக இருக்கக் கூடாது. வேறு எதுவாகவும் இருக்கட்டும்." வழியெல்லாம் இதைத்தான் சொன்னேன். பதில் வருகிறதா என்று காத்திருக்கவும் பயமாக இருந்தது.

தார்ச்சாலையிலிருந்து மண்பாதை பிரிகிற இடத்தில் ஒரு அம்மா குறுக்கே நின்று கையை நீட்டினார். காலில் செருப்பில்லை. பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் தேய்த்திருந்தார். பின்னால் ஏறிக்கொண்டார். மேற்கே புகை உயர்ந்து நின்றது. அந்தப் பாதையில் இருப்பது இரண்டே ஆலைகள். நடுவில் ஒரு கம்பிவேலி. புகை இரண்டையும் மறைத்திருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இருக்கன்குடி ஆத்தா, எம்மக கம்பெனியா இருக்கக் கூடாது. எம்மக கம்பெனியா இருக்கக் கூடாது."

"மக எந்தக் கம்பெனிக்கா?" என்றேன்.

சொன்னார். என் மனைவியுடையதை நான் சொன்னேன். முணுமுணுப்பு நின்றது. அவர் மகள் வேலிக்கு ஒரு பக்கம், ஜெபா மறுபக்கம் என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார். "நீங்களும் வேண்டிக்கிட்டுத்தான தம்பி வாரீக?"

"ஆமாக்கா."

"ஒரே வண்டியில ஒக்காந்துக்கிட்டு நான் ஒண்ணு கேக்கேன், நீங்க ஒண்ணு கேக்கீக. சாமிதான் என்னத்தச் செய்யும், பாவம்."

ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் அவரே கேட்டார்.

"வீட்டுக்காரி பேரு என்ன?"

"ஜெபா."

"சரி, ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லிருதேன். எம்மக பாண்டீஸ்வரி. நீங்களும் அவள விட்டுறாதீக."

அப்போதுதான் இரண்டாவது முறை வெடித்தது. ஹேண்டில்பாரில் அதிர்வு ஏறியது. வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, ஜெபா. பாண்டீஸ்வரி." அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

வெடித்தது என் மனைவியின் கம்பெனி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் அத்தனை செல்போன்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. எடுக்க ஆளில்லை. போலீஸ்காரர் உள்ளே விடவில்லை. நான் அந்தக் கூடையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாசல்ல நின்னா யாரு வருவா? எல்லாரும் பின்பக்கம் காட்டுக்குள்ளதான் ஓடியிருப்பாக. ரெண்டு கம்பெனி ஆளும் அங்கனதான் இருப்பாக, வாங்க."

வேலியைச் சுற்றி ஓடினோம். கருவேலங்காட்டுக்கு அப்பால் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெபா கம்பெனிப் பெண்களின் முகமெல்லாம் பட்டாசுக்குக் கலக்கிற வெள்ளிப்பொடி. யார் யாரென்று தெரியவில்லை. என் மனைவியைக் கடந்தே போயிருக்கிறேன்.

"ஏங்க, இங்கன இருக்கேன்."

கை முழங்கை வரை வெந்திருந்தது. அதன்மேல் யாரோ நனைத்துச் சுற்றிய துப்பட்டா. "தூக்குச்சட்டி உள்ளயே கெடக்குங்க," என்றாள். பக்கத்தில் ஒரு பெண் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்த அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி பாண்டி" என்பதைத் தவிர அவருக்கும் வேறு வார்த்தை வரவில்லை.

நாங்கள் கேட்ட இரண்டு பேரும் கொடுக்கப்பட்டார்கள். ஸ்தோத்திரம். ஆனால் அன்று வெளியே வராதவர்களும் உண்டு. ஒருவர் நம் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்தவர். அவர் வீட்டிலும் காலையில் ஜெபித்துத்தான் அனுப்பினார்கள். அந்த ஜெபம் எங்கே போயிற்று? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இங்கே நின்று பேசமாட்டேன். இதனால்தான் இத்தனை மாதம் சாட்சி சொல்லாமல் இருந்தேன். சாட்சி சொல்லட்டுமா என்று அவர் மனைவியிடம் போய்க் கேட்டபோது அவர், "நீங்க சொல்லுங்கண்ணே. நான் இன்னும் ஆண்டவருகிட்டதான் அழுறேன். காது இல்லாதவருகிட்டயா அழுவேன்?" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே. என் வீட்டை மட்டும் காப்பாற்று என்று ஓடியவனை ஆண்டவர் தனியாக விடவில்லை. வழியிலேயே ஒரு ஆளை ஏற்றிவிட்டார். அந்த அம்மா இல்லையென்றால் நான் வாசலிலேயே நின்றிருப்பேன்.

ஜெபாவின் கை ஆறிவிட்டது. வேறு வேலை கிடைக்காமல் திரும்பவும் பட்டாசு வேலைக்கே போகிறாள். காலையில் அவளை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வரும்போது நானும் தெருவுக்கு வந்து நிற்கிறேன். வேனில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். டிரைவர் பெயரும் உண்டு.

ஜெபம் கேட்கப்படுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இங்கே இருக்கலாம். பயம் தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுங்கிக்கொண்டே கேளுங்கள். பக்கத்தில் நடுங்குகிறவரையும் சேர்த்துக் கேளுங்கள். ஆண்டவர் கேட்கிறார்.