பின்னால் கம்பி இல்லாத பொத்தான்

லிஃப்ட்டின் உட்புறம், மாடி எண்களுக்குக் கீழே, இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரு பொத்தான் இருக்கும். கதவைச் சீக்கிரம் மூடுவதற்கானது என்று எண்ணி எல்லோரும் அதை அழுத்துவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்தவருக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அவருடைய நிறுவனம் பராமரித்த கட்டடங்கள் பலவற்றில், மேலிடத்து உத்தரவுப்படி, அந்தப் பொத்தானுக்குப் பின்னாலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டவர் அவரேதான். அழுத்தினால் விளக்கு எரியும். கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும்.

"உலகமே இப்படித்தான்," என்பார். "அழுத்துறதுக்கு ஒரு பட்டனைக் குடுத்துட்டா மனுசன் அப்புறம் கேள்வியே கேக்க மாட்டான்."

குடும்பத்தில் அவருக்கு லிஃப்ட் மாமா என்று பெயர். முதலில் அப்படி அழைத்தது அவருடைய பெரியக்காவின் மகள். பிறகு அவளை மணந்த மருந்துக்கடை மாப்பிள்ளையும் அப்படியே அழைத்தார். நாளடைவில் வயதில் மூத்தவர்கள் வாயிலும் அதுவே நிலைத்தது. அவர்கள் எல்லோரும் இருந்த குடும்பக் குழு, கைபேசியில் காலை வணக்கங்களுக்காகத் தொடங்கப்பட்டது. தெருவிளக்குகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறிய மாதத்திலிருந்து அது போர்க்களமாயிற்று. மக்களின் தூக்கத்தைக் கெடுக்கவே அந்த வெள்ளை விளக்குகளைப் போட்டிருக்கிறார்கள் என்பது மாமாவின் கட்சி.

"தூக்கம் கெட்டா யாருக்கு லாபம்? யோசிங்க."

"மின்சாரம் மிச்சமாகுது மாமா. அவ்வளவுதான்," என்று மாப்பிள்ளை ஒரு கட்டுரையை இணைப்பார்.

"இதை எழுதினவன் யாரு? அவனுக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?"

"அப்ப நீங்க அனுப்புற வீடியோக்காரருக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்க?"

"யாரும் குடுக்கல. அதான் நம்புறேன். தூக்க மாத்திரை விக்கிறவர் வேற எப்படிப் பேசுவீங்க மாப்பிள்ளை?"

"சரி, மாத்திரையை விடுங்க. ஆதாரம் இருக்கா உங்ககிட்ட?"

"நான் முடிவா எதுவும் சொல்லலையே. கேள்விதான் கேக்கிறேன். ஆதாரத்தை நீங்கதான் காட்டணும்."

"பதில் சொன்னா கேள்வியை மாத்திடுறீங்களே மாமா."

இந்த இடத்தில் பெரியக்காவின் செய்தி வந்து விழும்: "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

மாப்பிள்ளை மறுக்க மறுக்க மாமாவின் உறுதி கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த மனிதர் இவ்வளவு பாடுபட்டு மறுக்கிறாரென்றால் மறைப்பதற்கு ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு, ஒரு வாதத்தில் அவர் உண்மையிலேயே ஜெயித்திருந்தார். பொத்தானுக்குப் பின்னால் கம்பி இல்லை என்பதை மாப்பிள்ளை கட்டுரை கட்டுரையாக அனுப்பி மறுத்தார். கழற்றிய கம்பியின் படத்தை மாமா குழுவில் போட்டதும் அவர் கட்டுரை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு வெற்றியை முதலாக வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் மாமா நம்பினார்.

ஆனால் சந்தேகத்தின் வேர் லிஃப்ட்டில் இல்லை. வேலைப் பயிற்சிக்காக வெளியூரில் தங்கியிருந்த இளவயதில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா என்று அவருக்குச் சேதி போயிற்று. அழைத்துவரப் போன பக்கத்து வீட்டுக்காரர் பஸ்ஸில் வழிநெடுக மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தெருமுனைக் கடைக்காரர் குசலம் விசாரிக்காமல் குனிந்து பொட்டலம் கட்டினார். வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. தெருவுக்கே தெரிந்திருந்தது, மகனுக்கு மட்டும் தெரியவில்லை. உள்ளே அத்தனை பேரும் மென்று முழுங்கிக்கொண்டு நிற்க, பெரியக்கா ஒருவர்தான் முன்னால் வந்து, "அப்பா போயிட்டாருடா, நேத்தே," என்றார். அன்றிலிருந்து அவர் கணக்கில் உலகம் இரண்டாகப் பிரிந்தது: தெரிந்தும் சொல்லாதவர்கள் ஒரு பக்கம், பெரியக்கா ஒரு பக்கம்.

பெரியக்கா பள்ளிச் சீருடைகள் தைப்பவர். கணவர் இல்லை. மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில், முன்னறையில் தையல் மிஷினும் பின்னறையில் கட்டிலுமாகத் தனியே இருந்தார். ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். வெயில் மயக்கம் என்று மாமாவிடம் சொன்னார்கள். மருத்துவர் சொன்னது வேறு. இதயம் இடையிடையே துடிக்க மறக்கிறது. துடிப்பைச் சீராக்கும் சிறு கருவியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் பதித்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயத்துக்குள் செலுத்தியாக வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம். இதை மாமாவின் காதுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. காரணம் இல்லாமல் இல்லை. முன்பு மனைவியின் முழங்கால் அறுவைக்கு நாள் குறித்த பிறகு, எதையோ படித்துவிட்டு, ஆஸ்பத்திரி வரிசையிலிருந்தே அவரை வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தவர் மாமா. அந்த அம்மாள் இன்றும் மாடிப்படியில் ஒரு காலை இழுத்துத்தான் ஏறுகிறார். போதாததற்கு, உடம்புக்குள் வைக்கும் கருவிகள் வழியாக மனிதர்களைக் கண்காணிக்கிறார்கள் என்று அந்த மாதம்தான் அவர் குழுவில் நீளமாக எழுதியிருந்தார். ஆகவே அவர் இல்லாத இன்னொரு குழு, காதும் காதும் வைத்தாற்போல், தொடங்கப்பட்டது.

முதல் துப்பு ஒரு மாலையில் கிடைத்தது. குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஏதோ அனுப்பினார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது மறைந்து, செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது.

"என்ன மாப்பிள்ளை அழிச்சீங்க?"

"காலை வணக்கம் படம் மாமா. தப்பா போயிடுச்சு."

"காலை வணக்கத்தை அழிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன். அதுவும் சாயங்காலத்துல."

அவர் பெரியக்காவை அழைத்தார், எடுக்கவில்லை. அக்கா மகளை அழைத்தார். "அம்மா அசதியா இருக்காங்க மாமா, ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க." மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, "அத்தை அசதியா இருக்காங்க, ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க," என்று எழுத்தில் பதில் வந்தது. சமையலறையில் நின்ற மனைவியின் வாயைக் கிண்டினார்.

"அண்ணி அசதியா இருக்காங்களாம். ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க."

மாமா கைபேசியை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"மூணு வாய், ஒரே வார்த்தை. ஒருத்தர் சோர்வுன்னு சொல்லணும், ஒருத்தர் தூங்குறாங்கன்னு சொல்லணும். ஒப்பிக்கிறவங்கதான் அச்சடிச்ச மாதிரி சொல்லுவாங்க."

"அப்ப மூணு பேரும் உண்மையைச் சொன்னா எப்படித்தாங்க சொல்லணும்?" என்று கேட்ட மனைவி, தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரத்தைத் துலக்கப் போனார். அந்தக் கவிழ்த்தலை மாமா கவனித்தார். துலக்கிய பாத்திரத்தையே அவர் மறுபடி துலக்கியதையும் கவனித்தார்.

வெளியாட்கள் மட்டுமே இருந்த இன்னொரு குழுவிலும் மாமா உறுப்பினர். தூக்கம் பறிபோவதைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தக் குழுவுக்கு 'விழித்திருப்போர்' என்று பெயர். வீட்டில் கேலிக்கு ஆளான அவரை அங்கே அண்ணா என்றார்கள். கம்பியின் படத்தைப் பலருக்கும் அனுப்பி மகிழ்ந்தார்கள். அன்று அவர் அங்கே எழுதினார்: "என் வீட்டார் எல்லோரும் சேர்ந்து என்னிடம் ஏதோ மறைக்கிறார்கள். அக்கா உட்பட." பதில்கள் சரசரவென்று வந்தன. "உங்களை விலைக்கு வாங்க முடியவில்லை, அதனால்தான் அண்ணா." "எச்சரிக்கையாக இருங்கள்." முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "அக்காவை முதலில் சந்தேகப்படுங்கள். நெருங்கியவர்களைத்தான் முதலில் வளைப்பார்கள்."

மாமா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். இதுநாள்வரை இப்படிப்பட்ட வரிகள் அவருக்குத் தெம்பளித்தன. இது மட்டும் உறுத்தியது. அக்கா எப்படியிருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்காவைக் கண்ணால் காணாத ஒருவன், அவரை யாரோ வளைத்துவிட்டதாக இவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறான்? ஆதாரம் எங்கே? இந்தக் கேள்வியை மாப்பிள்ளை கேட்டுக் கேட்டு அவருக்குப் புளித்திருந்தது. தன் பக்கத்து ஆளிடம் தானே அதைக் கேட்கத் தோன்றியது இதுவே முதல்முறை. எழுதவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரியக்கா கதவைத் திறந்தார். முகத்தில் திகைப்பு வந்த வேகத்தில் போயிற்று.

"வாடா. சொல்லாம வந்திருக்க."

"சொன்னா அசதியாயிடுவியாமே."

முன்னறையை மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பள்ளி திறக்கும் காலம். அந்த அறையில் துணி குவிந்து கிடக்க வேண்டும். மாறாக, தைத்த சட்டைகள் மடித்து அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தப்பட்டிருந்தது. மிஷின்மேல் போர்வை. அக்காவின் கைகளில் எப்போதும் கிடக்கும் வளையல்கள் இல்லை.

"மிஷினுக்கு என்ன?"

"ரிப்பேர்டா."

மாமா போர்வையை விலக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். ஊசி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது.

"மிஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா. உனக்கு என்ன?"

பெரியக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: மயக்கம், துடிப்பு, கருவி, கம்பி, நாளைக் காலை. மாமா நின்றபடியே கேட்டார். அப்பா செத்த வீட்டு வாசல் செருப்புகள் அவர் கண்முன் வந்தன.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மறுபடியும்." அவர் குரல் உயரவில்லை. "மாப்பிள்ளை வேலைதானே இது?"

"இல்ல. நான்தான் சொல்ல வேண்டாம்னேன். நீ இல்லாத குரூப் ஒண்ணைத் தொடங்கினதும் நான்தான். எப்படித் தொடங்குறதுன்னு தெரியாம உன் பொண்டாட்டியைத்தான் கேட்டேன்."

இதை மாமா எதிர்பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீயுமாக்கா?"

"கேளுடா. மாப்பிள்ளை நூறு தடவை சொன்னா காதுல விழுது. நீ ஒரு தடவை சொன்னா வயித்துல விழுது. நீ வேண்டாம்னு சொன்னா நான் போக மாட்டேன். உன்னை நம்பாம மறைக்கல. நம்பிடுவேன்னு பயந்துதான் மறைச்சேன்."

மாமாவின் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அதில், உடம்புக்குள் வைக்கும் கருவிகளைப் பற்றி அவர் சேமித்திருந்தவை அக்காவை விடியும்வரை உட்காரவைத்து வாசிக்கப் போதும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா நாளைக்குப் போக மாட்டார். குழுவில் இத்தனை வருடம் வாதாடியும் ஒருவரையும் மாற்ற முடியாத அவருக்கு, ஒரே வாக்கியத்தில் ஒருவரை மாற்றிவிடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. பைக்குப் போன கையை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மாமாவைக் கண்டதும் மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. ஏதாவது கலாட்டா நடக்கும் என்று எதிர்பார்த்தவர்போல, பெரியக்காவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மாமா, தயவுசெய்து இன்னைக்கு வேண்டாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே மாப்பிள்ளை. வழியை விடுங்க, லிஃப்ட் வருது."

ஊழியர் ஒருவர் நாற்காலியை உள்ளே தள்ளினார். மாமாவும் மாப்பிள்ளையும் இரு பக்கமும் நின்றார்கள். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கே உரிய நிதானத்தில் கதவு திறந்தபடியே காத்திருந்தது. பெரியக்காவின் உதடு உலர்ந்திருந்தது. வெளியே ஒரு குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன்டா மூட மாட்டேங்குது? எழுந்து ஓடிடுவேன் போல இருக்கு."

கையை நீட்டி, முக்கோணங்கள் பார்த்துக்கொள்ளும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பலகையைப் பார்த்தவுடனே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கைப்பட்ட ரகம்தான். பின்னால் எதுவும் இருக்காது.

மாப்பிள்ளைக்கும் அது தெரியும். தவறான ஒரு செய்தியைத் திருத்தாமல் விட்ட வழக்கம் அவருக்கு வாழ்நாளில் இல்லை. "அத்தை, அது வந்து..." என்று தொடங்கிவிட்டார்.

"வேலை செய்யும்," என்றார் மாமா. "நல்லா அழுத்துக்கா. இதுக்குக் கம்பி இருக்கு."

மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பெரியக்கா பொத்தானில் விரலை வைத்தபடியே இருக்க, கதவு தன் நேரத்துக்கு மூடியது. அவர் மூச்சு சற்று இறங்கியது.

அறுவை நடந்த நேரம் முழுவதும் இருவரும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை கைபேசியில் ஏதோ செய்தார். மாமாவின் பையில் ஒலி கேட்டது. பெரியக்கா தொடங்கிய குழுவில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். திறந்து பார்த்தார். அவர் சேர்ந்த வரியைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை.

"பழசெல்லாம் எங்க மாப்பிள்ளை?"

"புதுசா சேர்றவங்களுக்குப் பழசு தெரியாது மாமா. அது அமைப்பே அப்படித்தான்."

"ரொம்ப வசதியான அமைப்பு."

"சத்தியமா மாமா. வேணும்னா என் போனைப் பாருங்க. எல்லாம் இருக்கு." அவர் கைபேசியை நீட்டினார்.

மாமா அதை வாங்கவில்லை. தன்னைப் பற்றி அதில் என்னென்ன எழுதியிருப்பார்கள் என்று அவருக்கு ஊகிக்க முடிந்தது. அவர் பார்வை மூடியிருந்த கதவிலேயே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த செவிலி, எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்றும், அம்மா அரைத் தூக்கத்தில் தம்பியைக் கேட்பதாகவும் சொன்னார். இருவருமே போனார்கள். பெரியக்காவின் தோளுக்குக் கீழே ஒரு கட்டு. பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாமா அந்தத் திரையையும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, திரையும் நாடியும் ஒத்துப்போகின்றனவா என்று தானே பார்த்துக்கொண்டார்.

பெரியக்கா பாதிக் கண்ணைத் திறந்தார்.

"டேய். அந்தப் பட்டனுக்குப் பின்னால கம்பி இல்லதானே?"

மாப்பிள்ளை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆதாரம் இருக்காக்கா?" என்று கேட்டார் லிஃப்ட் மாமா.