பாதிக் குளிசை

சுகாதாரப் பாடத்தை இனி எழுத வைத்துப் பார்க்கக் கூடாது, செய்ய வைத்துப் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதல்ல, பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் கணிப்பீடு என்று அதில் இருந்தது. யோசனையில் பிழையில்லை. அதை எழுதியவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை படிப்பித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

அப்போது நாங்கள் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், இன்னொரு பள்ளிக்கூடத்தின் வளவுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டுப் பின்னேரங்களில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அநேகமான பிள்ளைகள் சண்டையில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கைகழுவும் தேர்ச்சியைப் பார்ப்பதற்குச் சவர்க்காரம் வேண்டும். பொருளாதாரத் தடையில் அது கடையிலேயே இல்லை. பிள்ளைகள் வெறுங்கையை வெறுங்கையால் தேய்த்தார்கள். நகத்தையும் விரலிடுக்கையும் மறக்காமல் தேய்த்து, இல்லாத நுரையை வடிவாகக் கழுவினார்கள். நான் புள்ளி போட்டேன். எனக்கு அந்த நாட்களில் சிரிக்கவும் அலுப்பு, கோபிக்கவும் அலுப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களிடம் ஏடாவது இருக்கிறதே என்று பள்ளிக்கூட அதிபர் சொல்வார்.

அடுத்த அலகு மலேரியா. நோயாளிக்கு மருந்துக் குளிசையை முழுவதும் கொடுத்து முடிக்கிற தேர்ச்சியை நடித்துக் காட்ட வேண்டும். காய்ச்சல் விட்டாலும் குளிசையை நிறுத்தக் கூடாது என்பதைத்தான் நான் கிழமைக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயாக நடிக்க முன்னுக்கு வந்தாள். கரையிலிருந்து வந்த பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. குளிசைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை வைத்திருந்தோம். நோயாளிப் பிள்ளைக்கு இரண்டு நாள் கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மிச்சத்தைச் சேலையாகச் சுற்றியிருந்த துண்டின் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை என்று ஒரு கைகூட உயரவில்லை.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனி?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் விட்டிட்டுது ரீச்சர். மிச்சம் அடுத்த ஆளுக்கு. வீட்டிலை அப்பிடித்தானே வைக்கிறனாங்கள்."

"ஆருக்கு இப்ப வைச்சிருக்கிறியள்?"

"தம்பிக்குத் தந்தது. அவன் எழும்பீட்டான். அப்பாவுக்கெண்டு அம்மா வைச்சிருக்கிறா."

மற்றப் பிள்ளைகளையும் கேட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். மருந்து எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத இடத்தில் கிடைக்கிற குளிசையில் பாதியை எடுத்து வைப்பது அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பதுபோல வழக்கமாகிவிட்டது. என் ஆசிரியர் கைந்நூலில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பாதியில் விட்ட காய்ச்சல் திரும்பி வந்து சின்னப் பிள்ளைகளை என்ன செய்யும் என்று நான் பார்த்திருந்தேன். அவளின் தம்பிப் பொடியனுக்கு ஐந்து வயதுகூட இல்லை.

அன்று பள்ளி விட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு அவர்கள் இருந்த முகாமுக்குப் போனேன். தறப்பாள் கூரை, மண் தரை, ஒரு மூலையில் மாதா படம். தாய் எனக்குப் பாயை உதறிப் போட்டா. குளிசைப் போத்தல் எங்கே என்று கேட்டதும் மகளை ஒரு பார்வை பார்த்தா. பிறகு படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டா.

"பாதியிலை விட்டால் இதே காய்ச்சல் திரும்பி வரும் அக்கா" என்றேன்.

"திரும்பி வந்தால் இந்தப் பாதி இருக்குத்தானே ரீச்சர்."

வகுப்பில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"இவன்ரை அப்பா களப்பிலை இறாலுக்குப் போனால் அங்கினைதான் படுக்கிறவர். ஒவ்வொரு முறையும் காய்ச்சலோடைதான் வாறவர். அந்தாள் விழுந்தால் இந்த அடுப்பு எரியாது. நீங்களே சொல்லுங்கோ, நான் ஆருக்கு வைக்கிறது?"

நான் நெடுநேரம் கதைத்தேன். இரத்தத்தில் கிருமி ஒளித்திருக்கும் என்றேன், ஈரல் பழுதாகும் என்றேன். அவா போத்தலை மடியிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் படிப்பித்த எதுவும் வேலை செய்யாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவர் காய்ச்சலோடை வந்தால் கிளினிக்கிலை கேட்டு நான் வாங்கித் தாறன்."

அதைக் கேட்ட பிறகுதான் போத்தலின் மூடியைத் திருகினா. பொடியன் கைப்பில் முகத்தைச் சுளித்து அழுதான். அடுத்த நாட்களிலும் கொடுத்து முடித்ததை மகள் வந்து சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பவில்லை.

பிறகு ஒரு நாள் தகப்பன் களப்பிலிருந்து காய்ச்சலோடு வந்தார். ஆள் தப்பிவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிந்தியென்றாலும் மருந்து லொறி வந்து குளிசை கிடைத்து, எலும்பும் தோலுமாக எழும்பி மறுபடி களப்புக்குப் போனார். ஆனால் கிளினிக்குக்குப் போன அந்தக் காலையில் எங்களுக்கு அது தெரியாது.

அவர் வந்த மறுநாள் விடிந்ததும் மகள் என் வீட்டுப் படலையில் நின்றாள். இராத்திரி முழுக்க நடுங்கினார், கூப்பிட்டால் பேர் மாறிச் சொல்கிறார் என்றாள். அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வரிசை வாசலுக்கு வெளியே வந்திருந்தது. எங்கள் முறை வந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் கதைக்கத் தொடங்கிவிட்டாள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் நடுக்கம், சாப்பிட்டதைச் சத்தியெடுத்தது எத்தனை தரம், முன்பு மலேரியா வந்தது எப்போது, அப்போது எந்தக் குளிசை. ஒன்றும் விடவில்லை. பயப்படாமல், அழாமல், மரியாதையாகச் சொன்னாள்.

மருந்து கொடுக்கிறவர் என்னைவிடக் களைத்த மனிதர். முழுவதும் கேட்டார்.

"வடிவாச் சொல்லுறாய் பிள்ளை. ஆனால் குளிசை முடிஞ்சுது. ஆளைக் கொண்டுவந்தாலும் இரத்தம் எடுக்கலாம், குடுக்க ஒண்டுமில்லை. லொறி வந்தால்தான்."

"எப்ப வரும் ஐயா?"

"தெரியாது."

"அதுவரைக்கும் வீட்டிலை என்ன செய்யவேணும்?"

ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கிற விதத்தையும் குடிக்கக் கொடுப்பதையும் சொன்னார். அவள் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிச் சரிபார்த்தாள். நோயைச் சொல்வதைப்போல அதுவும் நான் வகுப்பில் பழக்கியதுதான். கைந்நூலில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோது கேட்டாள்.

"நான் வடிவாக் கதைச்சனான் தானே ரீச்சர்?"

"ஓம் பிள்ளை. ஒரு பிழையுமில்லை."

அது உண்மை. சைக்கிளை உருட்டினேன், அவள் பக்கத்தில் நடந்தாள். முகாமின் கொட்டில்கள் தெரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"ரீச்சர், குளிசை இல்லையெண்டு அம்மாட்டை நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. எனக்கு அது ஏலாது."