கூறைப்புடவையின் மறுமுனை

ரங்கூனிலிருந்து வந்த கப்பலைவிட்டு நாங்கள் சென்னையில் இறங்கிய அன்று, அகதிகளைப் பதிவு செய்த குமாஸ்தா அப்பாவை 'இந்தியர்' என்றும் அம்மாவைப் 'பர்மியர்' என்றும் தயக்கமின்றி எழுதினார். என்னைக் கண்டதும் பேனா நின்றது. என் கண்களையும் மூக்கையும் மாறி மாறி நோக்கிவிட்டு, 'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

திருச்செங்கோட்டை அடுத்த அப்பாவின் ஊரில் அத்தகைய கட்டங்கள் இல்லை. ஆயினும் அதே பணி அங்கும் ஊக்கத்துடன் நடந்தது. போர்ச் செய்திகளில் அடிபட்ட ஒரே கிழக்கத்திய இனம் ஜப்பானியர் என்பதால், ஊர் எங்களைச் 'சப்பான்காரர்' ஆக்கியது. எவருடைய குண்டுகளுக்கு அஞ்சி ஓடிவந்தோமோ, அவர்களாகவே நாங்கள் ஆகிவிட்டோம்.

மறு ஆண்டு பெரியப்பா மகனுக்குத் திருமணம். எங்கள் பகுதியில் முகூர்த்தத்துக்கு முன் இணைச்சீர் என்றொரு சடங்கு உண்டு. மணமகளுக்குரிய கூறைப்புடவையின் ஒரு முனையை மணமகன் கையில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவனுடைய தங்கை பிடித்து நிற்க வேண்டும். அண்ணனுக்கு உடன்பிறந்த பெண் இல்லை. தங்கை முறையில் நெருங்கியவள் நான்தான்.

புடவையை நான் தொடும் முன்பே பங்காளிகளில் மூத்தவர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, சப்பான்காரப் புள்ளெ கையிலயா சீர்ச் சேலையக் குடுக்கறது? ஆட்டையாம்பட்டிப் பங்காளி ஊட்டுப் புள்ளெயக் கூப்புடுங்க."

அண்ணன் மணையைவிட்டு எழவில்லை. "என் தங்கச்சி நின்னாத்தான் சீரு. இல்லீன்னா இந்தக் கண்ணாலமே வேண்டாமுங்க."

பெண் வீட்டாரிடையே சலசலப்பு எழுந்தது. மணமகளின் தந்தை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். புறப்பட ஆயத்தமாகிறார் என்று எல்லாரும் அஞ்சினர். பந்தலின் கடைசிக் காலருகே நின்ற அம்மா, தலை அசைவால் என்னைத் தன்னிடம் அழைத்தாள்.

மூத்தவர் விடவில்லை; 'கூட்டம்' என்னும் எங்கள் குலப்பிரிவைப் பிடித்துக்கொண்டார். "அப்பன் நம்ம கூட்டந்தான், ஆரு இல்லீங்கறா? ஆத்தா எந்தக் கூட்டம்? சொல்லு பார்க்கலாம்!"

"நம்ம கூட்டம் இல்லீங்க" என்றார் அண்ணன். "பொண்ணு எடுக்கறப்ப நம்ம கூட்டமா இருக்கக் கூடாதுங்கறதுதானுங்க முறை? எங்க சித்தப்பா முறைப்படிதான் எடுத்திருக்காரு. நீங்களே நல்லா வெசாரிச்சுப் பாருங்க."

முதலில் சிரித்தவர் மணமகளின் தந்தைதான். "மாப்ள சொல்றது செரிதானுங்க!" என்று அவர் மீண்டும் அமர்ந்ததும் பந்தலே சிரித்தது. சீரை நடத்த வந்திருந்த அருமைக்காரர் புடவை முனையை என்னிடம் நீட்டினார். "வா சாமி, இறுக்கிப் புடிச்சுக்க."

பின்னர் அண்ணனிடம் கேட்டார்: "நாளைக்குப் பொண்ணு பொறந்தா ஆரு ஊட்டுக்குச் சாமி?"

"என் தங்கச்சி ஊட்டுக்குங்க."

மும்முறை கேட்டார், மும்முறையும் அதே விடை. மூன்றாம் முறை அண்ணன், அருமைக்காரரை நோக்காமல் மூத்தவரை நோக்கி, தெருக்கோடிக்கும் கேட்கும்படி முழங்கினார். பெரியம்மா அம்மாவின் கையைப் பற்றி இழுத்துவந்து முன்வரிசையில் அமர்த்தினாள். அம்மா உட்கார இடம்விட்டு நகர்ந்தவர் அந்த மூத்தவரே.

பிறவாத பெண்ணைத் தங்கை வீட்டுக்கு மருமகளாக வாக்களிப்பதைப் படித்தவள் என்ற முறையில் இன்று நான் ஆதரிக்கமாட்டேன். அவளுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? ஆனால் அன்று அண்ணன் வாக்களித்தது பெண்ணை மட்டுமன்று. எந்த இரத்தத்தைக் கலப்பென்று ஊர் ஒதுக்கியதோ, அதனோடு தன் வழித்தோன்றலும் கலக்கட்டும் என்று, கூட்டம் முழுவதையும் சாட்சி வைத்துச் சொன்னார்.

ஒன்பது வயதில் எனக்கு அது எட்டவில்லை. புடவை நழுவிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அண்ணன் அவ்வளவு உரக்கச் சொன்னதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: மூத்தவருக்குக் காது மந்தம் போலும். அதன்பின் பல மாதங்கள், அவரை வழியில் காணும்போதெல்லாம் நானும் கத்தியே பேசினேன்.