முதலாளியின் விமானம் கிளம்பாத மூன்று நாட்கள்

மெக்கானிக் வேலையில் பாதி நேரம் கோளாறைத் தேடுவதில் போகும், மீதி நேரம் நமக்கு முன்னால் அதில் கை வைத்தவனைத் தேடுவதில் போகும். ஸ்பேனர் பிடித்த எல்லோருக்கும் தெரிந்த வேதனைதான் இது.

புது வண்டி

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு இருபது வருஷமாக ஜெனரேட்டர் பார்க்கிறேன். அதன் முதலாளி, இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். லாரியில் கொண்டுவந்து, கம்பெனிக்கு வெகுதூரம் தள்ளி, ஆமத்தூர் பக்கம் அவருடைய மானாவாரிக் காட்டில் ஷெட் போட்டு நிறுத்தினார்கள். விற்ற இடத்தில் ஒரே சுற்றில் கிளம்பியதாம். இங்கே விசிறி சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"பறக்க விடுறதுக்குப் படிச்சவங்க வந்து கையெழுத்துப் போடணும். ஓட வைக்கிறதுக்கு நீங்க போதும்" என்றார். விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"பெட்ரோல் எஞ்சின்தான அண்ணாச்சி? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலைன்னா மதுரையில இருந்து ஆளக் கூப்பிட்டுருவேன். பெறகு ஜெனரேட்டரையும் அவங்களே பாத்துக்கிடட்டும்."

இரண்டும் சேர்ந்து செத்தது

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி இல்லை. இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். பொறி தருகிற மேக்னெட்டும் இரண்டு. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். இரண்டும் ஒரே நாளில் போகுமா? பிளக்கை எல்லாம் மாற்றினேன். சாவி ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தேன். கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்குப் படம்தான் கதி. படமும் புரியவில்லை. மேக்னெட்டின் பின்னால் கிளிப் அடித்து அம்சமாக ஓடிய பச்சை வயர்களைப் பார்த்து, வெள்ளைக்காரன் வேலை வேலைதான் என்று மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, இம்புட்டுப் பட்டாசு செய்யிற ஊர்ல உங்களுக்கு ஒரு பொறி கிடைக்கலையா?"

ஃபோர்மேன் வந்தார்

சனிக்கிழமை முதலாளியோடு கம்பெனி ஃபோர்மேன் ஏசுவடியானும் வந்தார். அவரோடு எனக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. பாலியஸ்டர் சட்டை போட்டு வந்தேன் என்று, அம்புட்டுப் பொம்பளையாட்கள் பார்க்க, கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பியவர். பாலியஸ்டர் உரசினால் பொறி வரும், பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் பருத்திதான் போட வேண்டும், விதி சரி. சொன்ன விதம்? உங்களுக்கும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

நேராக எஞ்சினுக்குப் போனவர், அந்தப் பச்சை வயரை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "அந்த ஆளு எதுக்கு என் எஞ்சின்ல கை வைக்காருன்னு கேளுங்க முதலாளி" என்றேன். ஏசுவடியானும் முதலாளியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பொறி வந்துரக் கூடாதுன்னு கம்பெனியில எல்லாத்துக்கும் எர்த் போடுறவன், இரும்புன்னு இருந்தா விடுவேனா? வந்த அன்னைக்கே பாடிக்கு ஒரு வயர் போட்டேன். பின்னால ரெண்டு போல்ட்டுல நூலு மாதிரி வயர் கெடந்துச்சு, அதுக்கும் தடியாப் போட்டு, எல்லாத்தையும் தரையில பதிச்ச செம்புத் தகடோட சேத்துட்டேன்."

கிளம்பியது

அந்த இரண்டு போல்ட்டும் மேக்னெட்டுடையவை. மேக்னெட்டை எர்த்தில் சேர்த்தால் பொறி செத்துப்போகும். பழைய மொபெட்டை அணைப்பதே அப்படித்தான். அந்த இரண்டு போல்ட்டிலிருந்தும் பச்சை வயரைக் கழற்றி, பாடி வயரையும் அவிழ்த்து, விமானத்தை வெளியே தள்ளிச் சாவியைத் திருப்பினோம். இரண்டாவது சுற்றில் பிடித்தது. காட்டுப் புழுதி முழுக்க ஏசுவடியானின் வெள்ளைப் பருத்திச் சட்டை மேல். திங்கட்கிழமை ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற வரச் சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். சட்டையைத் தட்டிக்கொண்டே ஏசுவடியான் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மொத நாளே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா சொல்லிருப்பேன்ல?"

ஒரு வார்த்தையில் முடிகிற வேலைக்கு மூன்று நாள் ஆனது வாஸ்தவம்தான், ஆனாலும் திங்கட்கிழமை ஆயில் மாற்றப் போனபோது ஏசுவடியானிடம் சொல்ல வேண்டியதை முதலாளியைப் பார்த்தே சொன்னேன்.